வசூல் கணக்கு மட்டும் போதுமா?

நிதியாண்டு முடிந்த சில வாரங்களுக்குள் நேரடி வரி வசூல் எவ்வளவு என்ற அறிவிப்பு தில்லியிலிருந்து வந்துவிடுகிறது. ஜிஎஸ்டி வசூல் விவரம் மாதந்தோறும் வெளியாகிறது. இரண்டுக்கும் நாளிதழ்களில் தவறாமல் இடம் கிடைக்கிறது. 'புதிய உச்சம்' என்ற சொல்லுக்கும் பஞ்சமில்லை. 2024-25 நிதியாண்டில் நேரடி வரிகளின் மொத்த வசூல் 27.02 லட்சம் கோடி ரூபாய். இதில் 4.77 லட்சம் கோடி ரூபாய் வரி செலுத்தியவர்களுக்கே திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய நிகர வசூல் 22.26 லட்சம் கோடி. அதே ஆண்டில் ஜிஎஸ்டி மொத்த வசூல் 22.08 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

இவை பெருமைப்பட வேண்டிய எண்களே. ஆனால், ஒரு வரித் துறை ஓராண்டில் எப்படிச் செயல்பட்டது என்பதை அளக்க இவை மட்டும் போதுமா? சேலம், நாமக்கல் சமவெளியில் லாரி உரிமையாளர்களுக்கும் விசைத்தறியாளர்களுக்கும் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், போதாது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வசூல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2024-25-க்கான நேரடி வரி இலக்காக நிதிநிலை அறிக்கை முதலில் நிர்ணயித்தது 22.07 லட்சம் கோடி. பின்னர் அது 22.37 லட்சம் கோடியாகத் திருத்தப்பட்டது. கிடைத்த 22.26 லட்சம் கோடியை முதல் இலக்கோடு ஒப்பிட்டால் வெற்றி. திருத்திய இலக்கோடு ஒப்பிட்டால் சிறு சறுக்கல். இரண்டுமே உண்மைதான். எந்த இலக்கைப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே எண் சிரிக்கவும் செய்கிறது, முகம் சுளிக்கவும் செய்கிறது.

அடுத்தது வசூல் செலவு. நேரடி வரியில் நூறு ரூபாய் வசூலிக்க 2000-01-இல் துறைக்கு 1 ரூபாய் 36 காசு செலவானது. 2023-24-இல் அது 44 காசாகக் குறைந்திருக்கிறது. உலக அளவில் பார்த்தாலும் இது சிக்கனமான நிர்வாகம்தான். ஆனால், இந்த 44 காசில் துறை செய்யும் செலவு மட்டுமே அடங்கியிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் கட்டணமும், அறிவிப்பு வந்தால் வேலையை விட்டுவிட்டு அலையும் நாள்களும், இணையதளம் முடங்கிய இரவில் கண்விழித்த கணக்கரின் கூலியும் அதில் இல்லை. துறை தன் வேலையில் ஒரு பகுதியை வரி செலுத்துபவரின் மேசைக்கு நகர்த்திவிட்டால் துறையின் செலவு குறையத்தான் செய்யும். அது முழுவதும் சேமிப்பு ஆகாது, பாதி இடமாற்றம்.

இதை நான் குதர்க்கமாகச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் வெளியிட்ட 'வரி செலுத்துவோர் சாசனம்' இதை ஒப்புக்கொள்கிறது. வருமான வரித் துறை மக்களுக்கு அளிக்கும் 14 உறுதிமொழிகள் அதில் உள்ளன. சட்ட நடைமுறையால் வரி செலுத்துபவருக்கு ஏற்படும் செலவைக் கருத்தில் கொள்வோம் என்பது அவற்றுள் ஒன்று. சேவைத் தர அளவுகளை வெளியிட்டு அவ்வப்போது அறிக்கை தருவோம் என்பது இன்னொன்று. வருமான வரிச் சட்டத்திலேயே 119-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இச்சாசனத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் தரப்பட்டது. ஆக, வசூலோடு சேவையையும் அளக்க வேண்டும் என்பது என்னைப் போன்றோரின் தனி விருப்பம் அல்ல. துறையே எழுதிக் கொடுத்த வாக்கு.

சராசரிக்குள் மறைந்திருப்பவர்கள்: நியாயமாகப் பேசுவதென்றால், சேவையில் முன்னேற்றம் மிகப் பெரியது. வருமான வரியில் கூடுதலாகப் பிடித்த தொகையைத் திரும்பப் பெற 2013-இல் சராசரியாக 93 நாள் ஆனது. 2024-இல் அது 17 நாள் என்று அரசுத் தரப்பு கூறுகிறது. 2013-14-இல் திருப்பித் தரப்பட்டது சுமார் 83 ஆயிரம் கோடி. இன்று அது ஐந்தரை மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் 'ரீஃபண்டு ஆர்டர்' தபாலில் வருமா என்று தபால்காரரை எதிர்பார்த்திருந்த தலைமுறைக்கு, கணக்குத் தாக்கல் செய்த இரண்டு வாரத்தில் வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது சிறிய விஷயமில்லை.

ஆனால், சராசரி என்பது பத்து நாளில் பெற்றவரையும் பத்து மாதம் காத்திருந்தவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடும் கணக்கு. கோடிக்கணக்கான மாதச் சம்பளக்காரர்களின் எளிய படிவங்களை இயந்திரம் ஒரே நாளில் முடித்துவிடும். அவை சராசரியைக் கீழே இழுத்துவிடுகின்றன. பிடித்தக் கணக்கில் ஒரு எண் பொருந்தாமல் நின்றுபோன படிவங்கள் அந்தச் சராசரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. சட்டமோ துறைக்குத் தாராளமாகக் கால அவகாசம் தந்திருக்கிறது. படிவம் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து மேலும் 9 மாதம் வரை அதைச் செயலாக்கலாம். அதாவது, 2025 ஜூலையில் தாக்கல் செய்தவருக்கு 2026 டிசம்பர் இறுதி வரை பதில் வராவிட்டாலும் சட்டப்படி தாமதம் இல்லை.

நாமக்கல்லில் இது யாரைப் பாதிக்கிறது என்று பார்ப்போம். பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருக்கும் லாரி உரிமையாளர் முழுமையான கணக்குப் புத்தகம் வைக்காமல் அனுமான அடிப்படையில் வரி செலுத்த வருமான வரிச் சட்டம் வழிசெய்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டியாக இருந்தால், மொத்த எடையில் ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. 28 டன் வண்டிக்கு மாதம் 28,000, ஆண்டுக்கு 3.36 லட்சம். மூன்று வண்டி வைத்திருப்பவருக்கு 10.08 லட்சம். வண்டி ஓடியதா, ஷெட்டில் நின்றதா என்று சட்டம் கேட்பதில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால், வேறு வருமானம் இல்லாத அந்த உரிமையாளர் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை.

ஆனால், வாடகை கொடுக்கும் நிறுவனங்கள் என்ன செய்கின்றன? பத்து வண்டிக்கு மிகாதவர் தம் நிரந்தரக் கணக்கு எண்ணுடன் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வரிப் பிடித்தம் செய்யத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. ஆயினும், பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் 'எதற்கு வம்பு' என்று ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புகின்றன. ஆண்டுக்கு 60 லட்சம் வாடகை ஓடினால் பிடித்தம் 60,000 ரூபாய். முழுவதும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அதில் ஏதோ ஒரு நிறுவனம் காலாண்டுக் கணக்கில் எண்ணைத் தவறாக ஏற்றியிருந்தால், அந்தப் படிவம் நின்றுவிடும். பிழை செய்தது இவர் அல்ல. திருத்த வேண்டியதும் இவர் அல்ல. காத்திருப்பது மட்டும் இவர். 60,000 ரூபாய் துறையின் கணக்கில் ஒரு துளி. ஒரு லாரிக்காரருக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதக் கடன் தவணை.

மீண்டும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் கடிகாரம்: ஜிஎஸ்டியில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும், இளம்பிள்ளைச் சேலைத் தொழிலிலும் செயற்கை இழை நூலுக்கு நீண்ட காலம் 12 சதவீத வரி. நெய்த துணிக்கு 5 சதவீதம். வாங்கும்போது கட்டும் வரி, விற்கும்போது வசூலிக்கும் வரியைவிட அதிகம். வித்தியாசம் நெசவாளரின் மின்னணுப் பேரேட்டில் வரவாகத் தேங்கி நிற்கும். பேரேட்டில் இருப்பதைக் கொண்டு நூல் வாங்க முடியாது. ஜிஎஸ்டி வந்த முதல் ஆண்டில் துணிக்கு இதைத் திரும்பக் கேட்கும் உரிமையே இல்லை. 2018 ஆகஸ்ட் 1 முதல்தான் அனுமதி கிடைத்தது. அப்போதும் அதுவரை தேங்கிய வரவு காலாவதியாகும் என்று அறிவிப்பு சொன்னது. அதைக் குஜராத் உயர் நீதிமன்றம் பின்னர் ஏற்கவில்லை.

சரி, உரிமை வந்துவிட்டது. பணம் எத்தனை நாளில் வரும்? முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது 54-ஆவது பிரிவு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. 'முழுமையான' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. விண்ணப்பம் வந்த 15 நாளுக்குள் அதிகாரி அதை ஏற்று ஒப்புகை தரலாம். அல்லது குறைபாட்டுக் குறிப்பு அனுப்பலாம். ஆர்எஃப்டி-03 என்பது அதன் படிவ எண். குறிப்பு வந்துவிட்டால் பழைய விண்ணப்பம் அத்துடன் முடிந்தது. குறையைச் சரிசெய்து புதிய விண்ணப்பம் போட வேண்டும். 60 நாள் கடிகாரம் ஒன்றிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும்.

விண்ணப்பத்தில் உண்மையாகவே குறை இருந்தால் குறிப்பு அனுப்புவதுதான் முறை. போலி பில்களைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நாட்டில் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால், பதினான்காம் நாள் அனுப்பப்படும் குறிப்புக்கும் இரண்டாம் நாள் அனுப்பப்படும் குறிப்புக்கும் வேறுபாடு இருக்கிறது. முதல் குறிப்பில் கேட்காத ஒன்றை இரண்டாம் குறிப்பில் கேட்பதற்கும் பொருள் இருக்கிறது. ஆண்டு இறுதியில் கணக்கெடுத்தால் என்ன தெரியும்? ஆணை பிறப்பித்த விண்ணப்பங்கள் எல்லாம் 60 நாளுக்குள் முடிந்தன என்று தெரியும். நெசவாளர் முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணினால் வேறு எண் வரும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். நான் தேடிய இடங்களில் அகப்படவில்லை.

தாமதத்துக்கு அரசு தரும் வட்டியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 60 நாளைத் தாண்டினால் ஆண்டுக்கு 6 சதவீதம். வரி செலுத்துபவர் தாமதித்தால் அவர் கட்ட வேண்டியது 18 சதவீதம். வருமான வரியிலும் இதே கதைதான்: துறை தருவது மாதத்துக்கு அரை சதவீதம், நாம் கட்டுவது ஒரு சதவீதம். ஒரே பணம், ஒரே தாமதம். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இயற்றிய மாநிலத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

லாரிக் கூண்டு கட்டும் தொழிலின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. வாடிக்கையாளர் கொண்டுவந்த சேசிஸில் கூண்டு கட்டிக் கொடுத்தால் அது சேவையா, பொருளா? சேவை என்றால் 18, பொருள் என்றால் 28. நூற்றுக்குப் பத்து ரூபாய் வேறுபாடு. பேருந்துக் கூண்டு தொடர்பாக 2018 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதிலும் தெளிவு கிடைக்காமல் ஆகஸ்டில் இன்னொன்று. பிறர் சேசிஸில் கட்டினால் 18 என்று அப்போதுதான் உறுதியானது. லாரிக் கூண்டுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். அதற்குள் ஜிஎஸ்டி தொடங்கி ஓராண்டு ஓடிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கும் கூண்டுக்கும் 18 என்றாகி இந்தக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது. விளக்கம் தர எடுத்துக்கொண்ட காலமும் ஒரு சேவைத் தரம்தான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சாலையில் நிற்கும் வண்டி: ஜிஎஸ்டி நாமக்கல்லுக்கு அளித்த மிகப் பெரிய நன்மை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் ஒழிந்தது. மாநில எல்லைகளில் மைல் கணக்கில் வரிசையில் நின்ற நாள்களை ஓட்டுநர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். சாவடிக்குப் பதிலாக இ-வே பில் வந்தது. இடைவழியில் மறித்துச் சோதிக்கும் பறக்கும் படைகள் வந்தன. ஆவணத்தில் கோளாறு என்று வண்டியைப் பிடித்துவைத்தால் 7 நாளுக்குள் நோட்டீஸ், அது கொடுத்த 7 நாளுக்குள் ஆணை என்பது சட்டம். எழுத்துப் பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியிருப்பது போன்ற சிறு தவறுகளுக்கு மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தலா 500 என 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டுவிட வேண்டும் என்று 2018 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை சொல்லிவிட்டது.

இவ்விதிகளுக்கு இடையே பலர் அறியாத ஒன்று உண்டு. வண்டியை 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால், சரக்குப் போக்குவரத்தாளர் அதை இடபிள்யுபி-04 என்ற படிவத்தில் இணையத்தில் பதிவுசெய்யலாம். எத்தனை நல்ல ஏற்பாடு! பயனாளியே சேவையை நிமிடக் கணக்கில் அளந்து பதிவிடுகிறார். ஆனால், நாக்பூர் புறவழிச் சாலையில் நள்ளிரவில் நிற்கும் திருச்செங்கோட்டு ஓட்டுநருக்கு இப்படியொரு படிவம் இருப்பது தெரியாது. தெரிந்த உரிமையாளர்களும், நாளை அதே சாலையில்தானே வண்டி போக வேண்டும் என்று தயங்குகிறார்கள். அப்படியும் பதிவானவை எத்தனை, எந்த மாநிலத்தில் அதிகம் என்ற விவரம் வசூல் அறிவிப்பு போல எங்கும் வருவதில்லை.

இத்தனைக்கும் நாமக்கல் ஓர் எண்ணை நாள்தோறும் ஊரறிய அறிவித்துப் பழகிய ஊர். முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. காலையில் தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் அது தெரியும். ஐந்து காசு ஏறினாலும் இறங்கினாலும் விவாதம் நடக்கும். அந்த அளவு வெளிப்படைத்தன்மையை ஒரு வரி அலுவலகத்திடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது எதிர்பார்ப்பது மிகையாகாது.

சேலத்தில் பிறந்த தீர்ப்பு: சேவைத் தரம் தவறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் கணக்குத் தாக்கல் செய்யாத வணிகரின் ஜிஎஸ்டி பதிவை அதிகாரி ரத்துசெய்யலாம். கரோனா காலத்தில் கடை திறக்க முடியாமல் கணக்கும் போடாமல் விட்ட சிறு வணிகர்களின் பதிவுகள் பெரும் எண்ணிக்கையில் ரத்தாயின. மேல்முறையீடு செய்ய மூன்று மாதம். அதற்கு மேல் ஒரு மாதம் மன்னிப்பு. அந்தக் கெடுவும் கழிந்தபின், பாக்கியைக் கட்டத் தயாராக இருப்பவர்கூட மீண்டும் உள்ளே வர முடியாத நிலை. பதிவு எண் இல்லாவிட்டால் பில் போட முடியாது. பில் இல்லாதவரிடம் மொத்த வியாபாரி கொள்முதல் செய்யமாட்டார்.

சேலத்தைச் சேர்ந்த சுகுணா கட்பீஸ் சென்டர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் 2022 ஜனவரி 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களை ஜிஎஸ்டி வளையத்துக்கு வெளியே நிறுத்திவைப்பதால் யாருக்கும் பயனில்லை என்று கருதிய நீதிமன்றம், நிலுவையில் உள்ள கணக்குகளை வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு 45 நாளுக்குள் தாக்கல் செய்தால் பதிவை மீட்டுத் தர வேண்டும் என்றது. அதன் பிறகு தமிழகம் முழுவதிலிருந்தும் வந்த இத்தகைய மனுக்கள் 'சுகுணா கட்பீஸ் வழக்கின் வழியில்' என்ற ஒரே வாசகத்தில் முடித்துவைக்கப்பட்டன.

இதில் நான் கவனிக்கும் செய்தி வேறு. வரி கட்ட விரும்பும் ஒருவர், வரியைக் கட்ட அனுமதி கேட்டு, வழக்கறிஞர் கட்டணம் கொடுத்து, சென்னை சென்று வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான மனுக்கள் குவிவதைக் கண்ட பிறகும் விதி உடனே மாறவில்லை. 2023 மார்ச் இறுதியில்தான் ரத்தானவர்களுக்கு ஒருமுறைச் சலுகை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல், ரத்தை நீக்கக் கோருவதற்கான 30 நாள் கெடு 90 நாளாக உயர்ந்தது. எத்தனை பதிவுகள் ரத்தாகின்றன, அவற்றில் எத்தனை நீதிமன்றத்தால் மீட்கப்படுகின்றன என்ற இரு எண்களை மட்டும் யாராவது ஆண்டுதோறும் அருகருகே எழுதிவைத்திருந்தால், இந்த மாற்றம் முன்கூட்டியே வந்திருக்கக்கூடும்.

அறிவிப்புகளை இணையதளத்தின் ஒரு மூலையில் ஏற்றிவிட்டு, பார்க்கவில்லை என்று கூறி வரி விதித்த ஆணைகளும் இவ்வகையே. நேரில், பதிவுத் தபாலில், மின்னஞ்சலில் என்று பல வழிகளைச் சட்டம் தந்திருக்க, இணையத்தில் ஏற்றியதோடு நின்றுவிடலாமா என்று கேட்டு உயர் நீதிமன்றம் பல ஆணைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வோர் ஆணையும் அதற்கு முந்தைய ஆண்டில் 'முடிக்கப்பட்ட கோப்பு' என்று கணக்கில் ஏறியிருக்கும். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருப்பதால், கண்ணில் பட்டாலும் பயனில்லாத பட்டறைக்காரர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

ஜமாபந்தி தரும் பாடம்: இந்தியாவின் நவீன வரி நிர்வாகத்துக்கும் இந்தச் சமவெளிக்கும் பழைய உறவு உண்டு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இடைத்தரகர்களை விலக்கி, நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை இங்கேதான் பரிசோதித்தார்கள். பின்னர் சென்னை மாகாணம் எங்கும் பரவிய ரயத்துவாரி முறையின் தொட்டில் இது.

கம்பெனியின் நோக்கம் வசூல்தான். தீர்வைச் சுமையும் கடுமையாகவே இருந்தது. ஆனால், ரயத்துவாரியோடு வளர்ந்த ஒரு வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளை வட்டத் தலைநகருக்குக் கொண்டுவந்து, மேலதிகாரி முன்னிலையில் வரவு, பாக்கி, தள்ளுபடி ஆகியவற்றைச் சரிபார்க்கும் ஜமாபந்திதான் அது. பசலி ஆண்டு முடியும் முன் கோடையில் தாலுகா அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது. கிராமக் கணக்கு ஒரு பக்கம் தணிக்கையாகும். மறுபக்கம் பட்டா மாறுதல் கேட்டும், பாதை கேட்டும் மனுவோடு மக்கள் நிற்பார்கள். வசூலித்தவரின் கணக்கும் கொடுத்தவரின் குறையும் ஒரே நாளில், ஒரே பந்தலில் மேலதிகாரியின் பார்வைக்கு வருகின்றன. ஜமாபந்தி இன்று பல இடங்களில் சடங்காகிவிட்டது என்று சொல்வோர் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆயினும், அந்த அமைப்பில் இருக்கும் நியாயம் பழையதாகவில்லை. மன்றோவே பின்னாளில் 1807-இல், கடப்பை, பெல்லாரி பகுதிகளின் தீர்வையைக் கால் பங்கு குறைக்கப் பரிந்துரைத்தார். வசூலான தொகையை மட்டும் பார்த்திருந்தால் அப்படி எழுத அவருக்குத் தோன்றியிருக்காது.

பிற நாடுகளிலும் வரித் துறைகள் குறையற்றவை அல்ல. பிரிட்டனில் தொலைபேசியில் வரி ஆலோசகர் கிடைக்க 2023-24-இல் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் ஓர் உதவி எண்ணை ஆண்டின் பாதி காலம் மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே திரும்பப் பெற்றார்கள். ஆனால், காத்திருந்த நிமிடங்கள் அங்கே நாடாளுமன்றம் அறியும் எண்ணாக இருக்கின்றன. அதனால்தான் அவை செய்தியாகின்றன. அமெரிக்காவில் வரி செலுத்துவோரின் வழக்காடியாக ஒரு தேசிய அதிகாரி இருக்கிறார். துறைக்குள்ளேயே இருந்துகொண்டு, துறையின் குறைகளை ஆண்டுதோறும் நேரடியாக நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாகத் தருவது அவருடைய கடமை.

நம்மிடமும் வருமான வரிக் குறைதீர்ப்பாளர், மறைமுக வரிக் குறைதீர்ப்பாளர் என்ற பதவிகள் இருந்தன. இணைய வழிப் புகார் முறைகள் வந்துவிட்டன, புகார்களும் குறைந்துவிட்டன என்ற காரணத்தால் 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அவற்றை நீக்கியது. புகார் குறைந்தது குறைகள் தீர்ந்ததாலா, அந்தப் பதவிகளுக்குப் போதிய அதிகாரமும் ஆள்களும் இல்லாமல் மக்கள் கைவிட்டதாலா என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு புறம், வருமான வரி ஆணையர் நிலையில் நிலுவையில் உள்ள மேல்முறையீடுகள் ஐந்து லட்சத்தைத் தாண்டின. ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 24 அன்று. வரி அமலாகி எட்டு ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் முதல் மேல்முறையீட்டில் தோற்றவருக்கு உயர் நீதிமன்றம் ஒன்றே கதி.

செய்ய வேண்டியது புரட்சி ஒன்றும் அல்ல. தரவுகள் எல்லாம் துறையின் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. மத்திய ஜிஎஸ்டி ஆணையரகம், மாநில வணிகவரிக் கோட்டம், வருமான வரிச் சரகம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை சில எண்களை மட்டும் வெளியிடட்டும். திருப்பித் தரும் தொகைக்கு, முதல் விண்ணப்ப நாளிலிருந்து எண்ணிய காலம். சராசரி வேண்டாம், பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் கிடைத்தது, மீதி ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று சொல்லுங்கள். குறைபாட்டுக் குறிப்பு அனுப்பப்பட்ட விண்ணப்பங்களின் பங்கு, ரத்தான பதிவுகள், மீட்கப்பட்டவை, மேல்முறையீட்டில் நிலைத்த ஆணைகள், விழுந்த ஆணைகள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். கடைசி எண் மிக முக்கியம் என்று கருதுகிறேன். இலக்கை எட்டுவதற்காக மார்ச் மாதத்தில் போடப்படும் ஆணைக்கும் ஆராய்ந்து போடப்படும் ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை அதுவே காட்டும். அதிகாரிகளுக்கும் இது பாதுகாப்பு. ஆள் பற்றாக்குறையால் தாமதம் என்றால் அதையும் அதே எண் சொல்லிவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கும் வரி 5 சதவீதமாகிவிட்டது. பள்ளிபாளையத்துக்காரரின் பேரேட்டில் வரவு தேங்குவது இனிக் குறையும். ஆனால், அதற்கு முன் தேங்கியதைத் திரும்பக் கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2025 செப்டம்பர் கணக்குக்கு உரிய விண்ணப்பத்தை 2027 அக்டோபர் வரை போடலாம். இத்தகைய விண்ணப்பங்களுக்கு 90 சதவீதத்தை முன்கூட்டியே தற்காலிகமாக விடுவிக்கலாம் என்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டம் பரிந்துரைத்தது; அக்டோபரில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தலும் போயிருக்கிறது. இடர் குறைந்தவை என்று கணினி அடையாளம் காணும் விண்ணப்பங்களுக்கே இச்சலுகை. குமாரபாளையத்துத் தறிக்காரர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார்கள், எத்தனை பேருக்கு ஆர்எஃப்டி-03 வந்தது என்பதை அடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளில் தேடிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.